திட்டு வாங்கினால்தான் சினிமா கற்கலாமா? ஷூட்டிங்கை விட்டு வரலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: மஸ்கெலியாப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுக் கொழும்பில் சினிமா படித்தேன். இப்போது ஒரு படத்தில் உதவி இயக்குநர், கண்டினியூட்டி பார்க்கிறேன். எந்த ஷாட்டில் யார் எந்தக் கையில் டம்ளர் பிடித்தார், முந்தானை எந்தப் பக்கம் இருந்தது, தலைமுடி எவ்வளவு நனைந்திருந்தது என்று எழுதிவைக்கிற வேலை. எனக்கு இந்த வேலை உயிர். நம் லயத்து வாழ்க்கையை, தோட்டத்து வரிசை வீட்டு வாழ்க்கையை, ஒரு நாள் நானே படமாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

பிரச்சினை எங்கள் இயக்குநர். வேலையில் கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். வாய்தான் தாங்க முடியவில்லை. போன வாரம் நுவரெலியாவுக்குக் கீழே ஒரு மலையில் ஷூட்டிங். கதாநாயகி கொழுந்து எடுக்கும் காட்சி. கூடைக் கயிற்றை அவர் தோளில் மாட்டிவிட்டிருந்தார்கள், இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணியும் இல்லை. "சேர், கயிறு தலையில்தான் வரும். உச்சியில் அழுத்தாமல் இருக்கக் கீழே ஒரு துணியை மடித்துப் போடுவார்கள்" என்று பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னேன். என் கையில் இருந்த ஃபைலைப் பிடுங்கித் தேயிலைக்குள் வீசினார். "தோட்டக்காட்டுச் சனம் எனக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருதா?" என்றார். துணை நடிகர்களாக வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தேயிலை நிரைக்குள் இறங்கித் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் கயிறு தலைக்குப் போயிருந்தது, படங்கும் கட்டியாகிவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை.

சம்பளம் "படம் முடிந்ததும் பார்ப்போம்" என்பதோடு நிற்கிறது. சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் தருகிறார்கள். பாதியில் போனால் பெயர் போட மாட்டாராம், கொழும்பில் வேறு யாரும் எடுக்காதபடியும் பார்த்துக்கொள்வாராம். இன்னும் ஒரு ஷெட்யூல், அதாவது ஒரு கட்டப் படப்பிடிப்பு, இருக்கிறது. பெயருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவா, வந்துவிடவா? இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கிளாப் பையன்

தங்கச்சி, மனதைத் தளரவிடாதே. நானும் கிளாப் பிடித்துத்தான் வந்தேன். எனக்கு அடியே விழுந்திருக்கிறது. அந்த மனுஷனிடம் கற்றதை வைத்துத்தான் இன்று டெலி நாடகம் எடுக்கிறேன். ஒரு நாள் தாமதமானாலும் தயாரிப்பாளருக்கு லட்சக்கணக்கில் நட்டம், அந்த அழுத்தத்தில் வார்த்தை தடிக்கத்தான் செய்யும். மிச்சம் ஒரு ஷெட்யூல்தானே? முதல் படத்தில் பெயர் வருவது சின்ன விஷயம் இல்லை. அதை வாங்கிக்கொண்டு வெளியே வா.

பதில்: ஒலிப்பதிவு ஹட்டன்

தம்பி மேலே சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. சென்னையிலும் கொழும்பிலும் ஒலிப்பதிவில் இருந்தவன் நான். கத்துகிற இயக்குநர்களையும் பார்த்திருக்கிறேன், குரலை உயர்த்தாமலே முழு யூனிட்டையும் நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கத்துகிறவரின் செட்டில் முதலில் சாவது உண்மை. ஒரு காட்சியில் நடிகரின் ரேடியோ மைக்கில் பேட்டரி இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பையனுக்குத் தெரியும். சொன்னால் என்ன விழுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. நல்ல நடிப்பு, அழுகைக் காட்சி, முழுவதும் டப்பிங்குக்குப் போனது. அந்த மூச்சு டப்பிங்கில் திரும்பி வரவில்லை. பிள்ளை, நீங்கள் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து நம் சனம் முழுதும் சிரித்திருக்கும். அவருடைய படத்தைக் காப்பாற்றியது நீங்கள்.

"வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்" என்கிறாரே, அதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முற்பணம் கொடுத்து ஆளைக் கொண்டுவருவார், அந்தக் கடன் தலையில் ஏறிக்கொண்டே போகும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் துண்டு வேண்டும். இந்த ஆளின் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் விடுகிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உங்கள் இயக்குநர் கையில் வைத்துக்கொண்டு மிரட்டுவதும் அப்படி ஒரு துண்டைத்தான். இங்கே முற்பணமாகப் போயிருப்பது உங்கள் ஆசை.

ஹொலிவுட்டிலும் இதுவே நடந்தது. ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகைக்கு வார்னர் பட நிறுவனத்தோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம். கொடுத்த வேடத்தை மறுத்தால் இடைநிறுத்தி வைப்பார்கள், அந்த நாட்களை ஒப்பந்தத்தின் வாலில் கூட்டிக்கொள்வார்கள். இப்படியே போனால் ஏழு ஆண்டு எப்போது முடியும்? 1943இல் வழக்குப் போட்டார், 1944இல் வென்றார். அந்த இடைவெளியில் வேறு ஸ்டூடியோக்கள் அவரைத் தொடவில்லை, ஏறக்குறைய இரண்டு ஆண்டு படமே இல்லை. அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகுதான் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் அவருக்கு வந்தது, ஒன்றல்ல, இரண்டு. ஒரு முதலாளி மிரட்டுகிற அளவுக்கு அவர் கை எல்லா இடத்துக்கும் நீளாது. கொழும்பில் உங்கள் இயக்குநரின் பேச்சைக் கணக்கில் எடுக்காத இயக்குநர்கள் இருப்பார்கள், ஏனென்றால் இப்படிப்பட்டவரின் குணம் துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

புகார் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்கொட் ருடின் என்ற பெரிய தயாரிப்பாளர், கணினித் திரையை உதவியாளரின் கையில் அடித்து உடைத்தார் என்று 2021 ஏப்ரலில் ஒரு பத்திரிகை எழுதியது. பழைய உதவியாளர்கள் பலர் பேசினார்கள். படங்களிலிருந்தும் மேடை நாடகங்களிலிருந்தும் ஒதுங்கினார். 2025இல் மறுபடி நாடகம் தயாரிக்க வந்துவிட்டார்.

நீங்கள் இருந்தாலும் போனாலும் ஒன்று செய்யுங்கள். கண்டினியூட்டி எழுதுகிற அதே கையால் இதையும் எழுதுங்கள்: தேதி, இடம், கோல் டைம் (வரச் சொன்ன நேரம்), பெக்கப் ஆன (வேலை முடிந்த) நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் யார் நின்றார்கள். அன்றன்று யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று தரும் கோல் ஷீட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். உங்கள் பெயர் அதில் இருக்கும். டைட்டிலில் பெயர் போடாவிட்டாலும் நீங்கள் அந்தப் படத்தில் வேலை செய்ததற்கு அதுதான் சாட்சி.

பதில்: பண்டாரவளை சுமதி

தொழிற்சங்க வேலையில் இருப்பவள் நான், சினிமா தெரியாது. சம்பள விஷயத்தை மட்டும் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள் மகள். வேலையை விட்ட பிறகு கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்திலிருந்து 8 வீதம், தோட்டத்திடமிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் 3 வீதம். சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டே வந்தது, தற்காலிக வேலையாட்களுக்கும் அது உண்டு. 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு நம் பெண்கள் ஆண்டுக்கணக்கில் ரோட்டில் நின்று 2021இல்தான் அதை வாங்கினார்கள். படித்த பிள்ளை நீங்கள் சோற்றுக்கு மட்டும் வேலை செய்வதை அந்தப் பெண்களில் ஒருத்தியாக என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நீ ஊழியர் இல்லை, ஃப்ரீலான்ஸ்" என்று சாதிக்கப் பார்ப்பார்கள். ஒலிப்பதிவு அண்ணன் சொன்ன கோல் ஷீட்டோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. திட்டு பாலியல் பேச்சாகவோ தொடுகையாகவோ மாறினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில் அது குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை. பெண்களுக்கான உதவி எண் 1938. கேரளாவில் சினிமாப் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழு அறிக்கை 2019 டிசம்பரில் கொடுத்தும் 2024 ஆகஸ்ட் வரை வெளியே விடவில்லை. ஷூட்டிங்கில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. மலையில் உங்களுக்கு எப்படி?

மஸ்கெலியாப் பிள்ளை

அக்கா, மலையில் கழிப்பறை இல்லை. லயத்துக்குள் போய்க் கேட்டால் அங்குள்ளவர்கள் தருகிறார்கள். காலையில் நானும் தேநீர் குடிப்பதில்லை. பாலியல் தொந்தரவு இதுவரை இல்லை.

தங்கச்சி என்று எழுதிய கிளாப் அண்ணாவுக்கு: நீங்கள் அன்போடு சொன்னது புரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் முன்னால் அவர் சொன்ன வார்த்தை என்னை மட்டும் சொன்னது இல்லை. அதை ஒரு ஷெட்யூல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

வேலை செய்த நாட்களுக்கு ஒரு கணக்கு எழுதித் தயாரிப்பு மேனேஜருக்கு இன்றிரவு அனுப்புகிறேன், மெசேஜாக, எழுத்தில் இருக்கும்படி. அடுத்த ஷெட்யூலுக்கு நாட்சம்பளம் எவ்வளவு, எப்போது என்று எழுதித் தந்தால் வருவேன், தராவிட்டால் வரமாட்டேன். கண்டினியூட்டி ஃபைலின் பிரதி ஒன்றை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன், அடுத்து வருகிற பிள்ளை திண்டாடக் கூடாது. அண்ணே, தொகையை எப்படி எழுதுவது? டெலி நாடகத்தில் கண்டினியூட்டிக்கு ஒரு நாளுக்கு என்ன கொடுக்கிறார்கள்?

கிளாப் பையன்

கணக்கு எழுதும்போது இரவு ஷூட்டிங்கைத் தனியாகப் போடு தங்கச்சி. நான் கொடுக்கிற தொகையை உனக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், அதைக் காட்டியே கேள்.

ஒலிப்பதிவு ஹட்டன்

மேனேஜருக்கு அனுப்பும்போது தயாரிப்பாளரையும் சேர்த்து அனுப்புங்கள். பணம் கொடுப்பவர் அவர்தான். இயக்குநரின் வாயைப் பற்றி அந்த மெசேஜில் ஒரு வரியும் வேண்டாம், நாளும் தொகையும் மட்டும். மற்றது தனிக் கடிதமாக இருக்கட்டும். எழுதிவிட்டு இங்கே போடுங்கள், சுமதி அக்காவும் நானும் பார்த்துத் தருகிறோம்.