பழைய காமிக்ஸ் வியாபாரிகள்: காப்பாற்றியவர்களா, விலையைக் கெடுத்தவர்களா?

மதுரை மாயாவி:

நண்பர்களே, இதைப் பேசியே ஆகவேண்டும். எண்பதுகளில் வந்த ஒரு மினி லயன் காமிக்ஸ் இதழைப் பல வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பழைய வியாபாரியிடம் ஒரு பிரதி இருப்பது தெரிந்து போன் போட்டேன். ஐயாயிரம் என்றார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அட்டையில் வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, முதுகில் செல்லோடேப், நடுத்தாள் பின்னை விட்டுக் கழன்று நிற்கிறது. இதற்கா இவ்வளவு என்று கேட்டேன். "வேண்டாம்னா விடுங்க சார், வாங்க ஆள் இருக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த இதழை அவர் எடைக்குத்தான் வாங்கியிருப்பார். வீட்டைக் காலி செய்யும் யாரோ ஒரு மூட்டையாகக் கொடுத்திருப்பார்கள். என் குற்றச்சாட்டு நேரானது. முத்து, லயன், திகில் ஆகிய காமிக்ஸ்களின் பழைய இதழ்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கையில் முடங்கிவிட்டன. அவர்கள் தங்களுக்குள் பேசி விலையை ஏற்றுகிறார்கள். இருபது வயதுப் பையன் ஒருவன் இன்று ஆசையோடு வந்தால் இந்தச் சேகரிப்புக்குள் நுழையவே முடியாது. நாம் எல்லோரும் போன பிறகு இதையெல்லாம் யார் வாங்குவார்கள்?

மூர்மார்க்கெட் வாசகன்:

மதுரை நண்பரே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் தப்பான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. லயன் 1984 ஜூலையில் மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதையோடு வந்தது, ராணி காமிக்ஸும் அதே மாதம். அந்த இதழ்களை அன்று யார் பத்திரப்படுத்தினார்கள்? பரீட்சை நெருங்கினால் அப்பா தூக்கிப் பரணில் போடுவார், பொங்கலுக்கு அம்மா பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார். அங்கிருந்து கடலை மடிக்கப் போகும். காமிக்ஸை பைண்டு செய்து அடுக்கி வைத்த ஒரு பொது நூலகத்தையும் நான் பார்த்ததில்லை. பழைய பேப்பர் கடைக்கும் கடலை வண்டிக்கும் நடுவில் நின்று, "இது வேறே, இதைத் தனியா வை" என்று பிரித்தவர்கள் இந்த வியாபாரிகள்தான்.

சென்னையில் மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. 1900இல் திறந்த கட்டடம். அங்கே பழைய புத்தகக்காரர்கள் எத்தனை பேர் சரக்கை முழுசாக இழந்தார்கள்! அதன் பிறகு சிலர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், சிலர் திருவல்லிக்கேணி நடைபாதைக்கு வந்தார்கள், பலர் தொழிலையே விட்டார்கள். தாக்குப்பிடித்தவர்கள் மனசுக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். "ஸ்பைடர் கதை கேட்டீங்களே, புரசைவாக்கத்துல ஒரு வீட்டுல இருக்கு" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொல்லிவிட்டுக் கமிஷன்கூட வாங்காமல் போனார். என் அலமாரியில் இருப்பதில் பாதி அவர்களால் வந்தது.

மதுரை மாயாவி:

சார், அந்தப் பெரியவரை நானும் கும்பிடுகிறேன். நான் பேசுவது அவரைப் பற்றி அல்ல. எடைக்கு வாங்கி மறுவாரமே லாபம் வைத்து விற்பவர் வேறு. ஒரே இதழின் பல பிரதிகளைப் பெட்டியில் பூட்டி, ஆண்டுக்கு ஒன்றை வெளியே விட்டு "கடைசிப் பிரதி" என்று சொல்பவர் வேறு. 2000களின் பிற்பகுதியில் வலைப்பூக்களில் பழைய அட்டைப்படங்களைப் போட்டு நாம் ஆசையாக எழுதினோமே, அதைப் படித்துத்தான் பலர் இதற்கு மதிப்பு இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். நம் ஆசையே நமக்கு விலையாகத் திரும்பி வந்தது.

தூரதேசத்து வாசகன்:

அமெரிக்காவில் இந்தச் சண்டை அரை நூற்றாண்டுப் பழசு. சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 1938இல் பத்து சென்ட். 2024இல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை வானத்திலிருந்து விழவில்லை. வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் சேர்ந்துதான் அதை உருவாக்கினார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் ஒரு கதை உண்டு. கொலராடோவில் எட்கர் சர்ச் என்று ஓர் ஓவியர். பல்லாயிரம் இதழ்களைக் கடையில் வாங்கியபடியே வீட்டில் அடுக்கி வைத்திருந்தார். அந்த ஊரின் வறண்ட காற்றில் தாள் வெளுப்பு மாறாமல் இருந்தது. 1977இல் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்தபோது மைல் ஹை காமிக்ஸ் நடத்திய சக் ரோசான்ஸ்கி அதைக் குறைந்த விலைக்கு வாங்கினார். அப்போது எல்லோரும் நம்பிய ஓவர்ஸ்ட்ரீட் விலைக் கையேட்டுக்கு மேல் விலை வைத்து விற்றார். அன்று அவர்மீதும் பலர் பாய்ந்தார்கள். இன்று "மைல் ஹை பிரதி" என்ற சொல்லுக்கே தனி விலை.

அவர் வைத்த விலை அநியாயம் என்று திட்ட அந்த ஊர்க்காரர்களிடம் ஓர் அளவுகோல் இருந்தது. ஓவர்ஸ்ட்ரீட் கையேடு 1970இலிருந்து வருகிறது. 2000இல் காமிக்ஸுக்குத் தரம் போடும் சிஜிசி நிறுவனம் வந்து, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாவது ஆள் பிரதியைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தார். நமக்கு அப்படி என்ன இருக்கிறது? "நல்ல கண்டிஷன் சார்" என்ற ஒரே வரி. மதுரை நண்பர் விலையைத் திட்டுகிறார். நான் அந்த ஒரு வரியைத் திட்டுவேன்.

ஈரோடு வாசகி:

நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கதையைப் படிக்கத்தானே காமிக்ஸ்? லயன் 2012இல் புத்துணர்ச்சியோடு திரும்பி வந்த பிறகு நல்ல தாளில் எவ்வளவோ மறுபதிப்பு வந்துவிட்டது. இரும்புக்கை மாயாவி வந்தார், இரத்தப் படலம் தொடர் முழுத் தொகுப்பாகவே வந்தது. புத்தகத் திருவிழாவில் ஸ்டாலுக்குப் போனால் என் மகன் அவனே தேர்ந்தெடுக்கிறான். ஐயாயிரத்துக்கு ஓர் அலமாரியே நிரம்பும். கழன்ற நடுத்தாளுக்கு ஏன் அவ்வளவு கொடுக்கவேண்டும்?

மதுரை மாயாவி:

சகோதரி, மறுபதிப்பை முதலில் வாங்குபவன் நான்தான். ஆனால் பழைய இதழில் கதை மட்டுமா இருக்கிறது? கடைசிப் பக்கத்தில் "அடுத்த வெளியீடு" விளம்பரம், வாசகர் கடிதம், அந்தக் காலத்து வசன நடை, எட்டாம் வகுப்புப் பையன் பின்னட்டையில் எழுதிய பெயர். அது எதுவும் மறுபதிப்பில் வராது, வரவும் வேண்டாம். எல்லாமே மறுபதிப்பு ஆகவும் இல்லை. உரிமை கிடைக்காதவை, மூல ஓவியம் கிடைக்காதவை எத்தனையோ கிடக்கின்றன.

பழைய தாள்:

நான் வியாபாரி. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எடைக்கு வாங்குகிறோம் என்பது உண்மை. ஆனால் எதை வாங்குகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு வீட்டில் கூப்பிட்டால் மொத்தத்தையும் எடுக்கவேண்டும். பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள். கோனார் நோட்ஸ், பழைய வார இதழ், ஜோசியப் புத்தகம், வங்கித் தேர்வு வழிகாட்டி எல்லாம் சேர்ந்து வண்டி நிறையும். அதற்குள் காமிக்ஸ் ஒரு கையளவு வந்தால் அதிர்ஷ்டம். அதிலும் பாதி அட்டை இல்லாமல் இருக்கும். மிச்சத்தை மறுபடி பேப்பர் கடைக்கே போடுகிறேன். வண்டி வாடகை, கூலி, குடோன் எல்லாம் அந்தக் கையளவிலிருந்துதான் வரவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் வைத்திருந்த மூட்டைகள் கூழாகிப் போயின. யாரும் நஷ்டஈடு தரவில்லை.

எங்களுக்குள் பேசிக்கொள்வதும் உண்மை. எது எவ்வளவுக்குப் போனது என்று கேட்டுக்கொள்வோம். தங்க வியாபாரி கேட்பதில்லையா? ஆனால் எல்லா இதழையும் நாங்கள் ஏற்றவில்லை. ராணி காமிக்ஸ் 2005 வரை 500 இதழ் வந்தது. அதில் பெரும்பாலானதை என்னிடம் ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கு வாங்கலாம், கேட்க ஆளில்லை. நீங்கள் எல்லோரும் கேட்பது அதே இருபது முப்பது இதழ்கள். ஒரு பிரதிக்கு ஐந்து பேர் கேட்டால் நான் யாருக்குக் கொடுப்பது?

கோவை பைண்டர்:

நான் தொழில்முறையில் பைண்டிங் பார்ப்பவன், அப்புறம் சேகரிப்பாளன். தூரதேசத்து நண்பர் சொன்ன "நல்ல கண்டிஷன்" பற்றிச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

ஒன்று, அளவு. அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்து பைண்டு செய்து வைப்பது வழக்கம். அப்போது கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவோம். பிறகு யாரோ அதைப் பிரித்துத் தனித்தனி இதழாக விற்கிறார்கள். அட்டை பளிச்சென்று இருக்கும், ஓரம் சீராக இருக்கும், பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் மேல் ஓரத்தில் தலைப்பெழுத்து விளிம்பை ஒட்டி நிற்கும். அதே ஆண்டின் வெட்டாத இதழைப் பக்கத்தில் வைத்தால் சில மில்லிமீட்டர் குறைவு தெரியும். முதுகின் உள்பக்கம் பிரித்துப் பாருங்கள், பின்னுக்கு மேலும் கீழும் நூல் தைத்த ஊசித் துளை வரிசையாக இருக்கும். அந்தத் துளையை எவராலும் மறைக்க முடியாது.

இரண்டு, அட்டை. அட்டை இல்லாத பிரதிக்குக் கலர் ஜெராக்ஸ் அட்டை போட்டு விற்கிறார்கள். மடிப்பில் பாருங்கள். அச்சு மை தாளில் ஊறியிருக்கும், ஜெராக்ஸ் பொடி தாளின் மேலேதான் உட்கார்ந்திருக்கும். மடித்த கோட்டில் அது உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். ஸ்டேபிள் பின் புதுசாக மின்னினால் அது தனிச் சந்தேகம். நாற்பது வருடம் நம் ஊர் ஈரக்காற்றில் கிடந்த ஸ்டேபிள் பின் துருப்பிடிக்காமல் இருக்காது. துரு தாளில் பழுப்பு வட்டமாக இறங்கியிருக்கும். பின்னை மாற்றினாலும் அந்த வட்டம் போகாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு விற்றால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. வெட்டிய பிரதியை வெட்டிய பிரதி என்று சொல்லி ஐயாயிரம் கேளுங்கள், வாங்குவதும் விடுவதும் என் இஷ்டம். சொல்லாமல் ஐந்நூறு கேட்டாலும் அது ஏமாற்றுதான்.

பழைய தாள்:

பைண்டர் சார் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். எங்கள் தரப்பில் ஒரு கஷ்டம் இருக்கிறது. "பைண்டிங்கிலிருந்து பிரித்தது, நடுத்தாள் மாற்றியது" என்று நான் எழுதினால் உடனே பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் எழுதாமல் முழு விலைக்கு விற்கிறார். அவரிடம் உங்களில் ஒருவர்தான் வாங்கி, அவருக்குப் பெயரும் வாங்கித் தருகிறார்.

மூர்மார்க்கெட் வாசகன்:

அதுதான் நான் சொல்வது. நேர்மையாகச் சொல்பவரிடம் பேரம் பேசுகிறோம், மறைப்பவரிடம் பேசாமல் பணம் அனுப்புகிறோம். விலை ஏற நாமும் காரணம்.

மதுரை மாயாவி:

பாதி ஒத்துக்கொள்கிறேன் சார், மீதி இல்லை. பூட்டி வைப்பதை நீங்கள் யாரும் தொடவே இல்லை. சரி, ஒரு யோசனை. இங்கே ஒரு பட்டியல் தொடங்குவோம். எந்த இதழ், எந்த வருடம், வெட்டியதா, முத்திரை உண்டா, நடுத்தாள் ஒரிஜினலா, எவ்வளவுக்கு வாங்கினோம். கடைப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். நமக்கென்று ஒரு விலைக் கையேடு இல்லையென்றால் இப்படித்தான் தொடங்கவேண்டும்.

மூர்மார்க்கெட் வாசகன்:

எனக்கு இதில் பயம் இருக்கிறது. பட்டியல் வெளியே போனால், பரணில் நாலு இதழ் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் ஐயாயிரம் கேட்பார்கள். வியாபாரிக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது. அமெரிக்காவில் கையேடு வந்த பிறகு விலை இறங்கவில்லையே.

தூரதேசத்து வாசகன்:

இறங்கவில்லைதான். ஆனால் ஏமாறுபவர்கள் குறைந்தார்கள். எனக்கு அது போதும்.

கோவை பைண்டர்:

பட்டியலில் உயரமும் அகலமும் மில்லிமீட்டரில் வேண்டும். அது இல்லாத பதிவை எடுத்துவிடலாம். வெட்டாத முத்து பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் முதலில் அளவைப் போடுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும்.

பழைய தாள்:

நாளைக்குக் கடை லீவு. என்னிடம் உள்ள திகில் இதழ்களை அளந்து படத்தோடு போடுகிறேன், போன வருடம் விற்ற விலையோடு. மதுரை சார், நீங்கள் தேடும் மினி லயன் எந்த இதழ் என்று தலைப்பைச் சொல்லுங்கள், மூட்டையில் பார்க்கிறேன். இருந்தால் நடுத்தாளையும் பின்னையும் தனியாகப் படம் எடுத்து அனுப்புவேன். விலையை அதைப் பார்த்த பிறகு பேசலாம்.