லெக்ரூமுக்கு ஒரு சொல் போதாது: கால்நீட்டம், முட்டிவெளி, தொடையணை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். காரில் உட்காருபவர் கால் வைக்க இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் ‘லெக்ரூம்’ என்கிறார்கள். போன வாரம் அதற்குத் தமிழ் கேட்டிருந்தேன். கால்வெளி, காலிடம், காலறை, கால் இடவசதி, கால் நீட்டுமிடம் என ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எழுதிய எல்லோருக்கும் நன்றி. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று கார்களின் பின்னிருக்கையை ஒப்பிடும் கட்டுரையை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் வெவ்வேறான இரண்டு அளவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், முதல் கார் வசதியா மூன்றாவது கார் வசதியா என்று வாசகர் முடிவு செய்யவே முடியாது. அதனால் என் கேள்வியையே மாற்றிக் கேட்கிறேன்.

முதலில், இதில் எனக்கு என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். மாதம் ஒரு முறை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்கு மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு முறை வாடகைக் கார் வைத்தோம். ஓட்டுநர் உயரமான மனிதர், தன் சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும் முன்பே அம்மா, “முட்டி இடிக்குதுப்பா” என்றார். ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி, டக் டக்கென்று இரண்டு சத்தம் வரும் அளவுக்குச் சீட்டை முன்னே நகர்த்தினார். இடிப்பது நின்றது. கன்னியக்கோயில் தாண்டியதும் மறுபடியும் குரல்: “இப்ப இடிக்கல. ஆனா தொடை தொங்குது. காலை எங்க நீட்டுறது?”

முட்டி இடிக்கிறது, தொடை தொங்குகிறது, காலை நீட்ட முடியவில்லை. இவை மூன்றும் வேறு வேறு குறைகள். அம்மா ஒன்றோடொன்றைக் குழப்பவில்லை. கார்க் கட்டுரை எழுதுகிற நாம்தான் மூன்றையும் ‘கால் வசதி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம்.

சரி, நிறுவனங்கள் அச்சிடும் அந்த எண் எதை அளக்கிறது? எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே 1100 தரநிலையில் பின்னிருக்கை அளவுக்கு ‘எல் 51’ என்று பெயர். மனித உடல் வடிவத்தில் எடையோடு செய்த ஓர் அளவுப் பொம்மையை வைத்து இதைக் கணக்கிடுகிறார்கள். பொம்மையின் கணுக்கால் மூட்டிலிருந்து இடுப்பு மூட்டு வரை நேர்கோட்டில் உள்ள தூரத்தை எடுத்து, அதோடு 254 மில்லிமீட்டரை, அதாவது பத்து அங்குலத்தைக் கூட்டுகிறார்கள். முன்னிருக்கைக்கு ‘எல் 34’. கணக்கு அதேதான், ஆனால் பொம்மையின் கால் ஆக்சிலரேட்டர் மேல் இருக்கும். ஒரு கார் 900 மில்லிமீட்டர் லெக்ரூம் என்று அறிவித்தால், அதில் கணுக்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ளது 646 தான். டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போய் அந்த 900-ஐத் தேடினால் எங்கேயும் கிடைக்காது.

முக்கியமான விஷயம், இந்தக் கோடு முட்டியைத் தொடுவதே இல்லை. முட்டிக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு அதே தரநிலையில் தனியாக ‘எல் 48’ இருக்கிறது. முன்னிருக்கைக்கு அடியில் பாதம் நுழைகிற மாதிரி வடிவமைத்தால் கால் முன்னே நீளும், கணுக்கால் தள்ளிப் போகும், முதல் எண் கூடும். முட்டியின் முன்னால் உள்ள சந்தோ அப்படியே இருக்கலாம். இன்னொரு காரில் முன்னிருக்கையின் முதுகைக் குழிவாகச் செதுக்கினால் முட்டிக்கு இடம் கூடும், முதல் எண் அசையாது. இரண்டும் வெவ்வேறு திசையில் போகக்கூடிய அளவுகள் என்பதால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்கிறேன்.

இனி நீங்கள் கொடுத்த சொற்கள். காலிடம் பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஓட்டமாகப் படிக்கும் கண்ணுக்கு அது காலியிடம் என்றே தெரிகிறது. அட்டவணையில் தலைப்பாகப் போட்டு வீட்டில் இரண்டு பேரிடம் காட்டினேன். இருவரும் ‘காலியிடம்’ என்றே வாசித்தார்கள். காலறை வேண்டாம். ஆங்கிலத்தில் உள்ளதைப் பெயர்த்து வைத்தது போல் இருக்கிறது, நம்மிடம் அறை என்றால் நான்கு சுவர் வேண்டும். கால் இடவசதி பேச்சு நடையில் பத்திக்குள் வரட்டும், தடையில்லை.

வில்லியனூர் ஐயா சொன்ன கால்வெளி எனக்கு மிகவும் பிடித்தது. இடைவெளி, விண்வெளி என்று நம்மிடம் ஏற்கெனவே ஓடுகிற தடம் அது. அதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன், ஐயா. ‘வெளி’ என்றால் இரண்டு பொருளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் இடம். காருக்குள் அப்படி உண்மையிலேயே காலியாக இருப்பது முட்டிக்கு முன்னால் உள்ள சந்துதான். ஆகவே எல் 48-க்கு முட்டிவெளி.

முதல் அளவுக்கு யாழ்ப்பாண நண்பரின் ‘கால் நீட்டுமிடம்’ மிக அருகில் வந்துவிட்டது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கால் எவ்வளவு நீள விடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. இடத்தை விட்டுவிட்டு நீளத்தைப் பிடித்தால் கால்நீட்டம். நீட்டம் புதிதாகச் செய்த சொல் இல்லை. நீளம் என்ற பொருளில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வயல் வேலை செய்பவர்கள் “வாய்க்கால் அந்த நீட்டத்துக்கும் தூர்ந்து கிடக்கு” என்று இன்றும் சொல்கிறார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் தனிமடலில் வந்தன. அவற்றைப் பொதுவிலேயே பேசிவிடலாம். முதலாவது புணர்ச்சி: பழைய விதிப்படி கால் + நீட்டம் ‘கானீட்டம்’ ஆகாதா? ஆகும். அப்படிப் பார்த்தால் கால்நடையும் ‘கானடை’ ஆக வேண்டும். ஆனால் கால்நடை மருத்துவமனைப் பெயர்ப்பலகை எந்த ஊரிலும் அப்படி இல்லை. சொல்லின் இரண்டு பாதியும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் புதுச் சொல் பிழைக்கும். எனவே பிரித்தே எழுதுவோம்.

இரண்டாவது மறுப்பு நெய்வேலி அம்மையாருடையது. முட்டி பேச்சு வழக்கு. கை முஷ்டியும் முட்டி, கள் இறக்கும் பானையும் முட்டி. முழங்கால்வெளி என்பதே தகும் என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் காரைப் பற்றிய வாக்கியத்தில் பானையை யாரும் நினைக்கப் போவதில்லை. வலிக்கும்போதும் மண்டியிடும்போதும் நம் வாயில் வருவது முட்டி வலி, முட்டி போடு என்பதுதான். தவிர, முட்டுதல் என்ற வினை பக்கத்திலேயே நிற்கிறது. வெளி இல்லாவிட்டால் முட்டி முட்டும். இந்த ஒலியை விட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவ நூலில் முழங்கால் இருக்கட்டும், அங்கே அதுதான் சரி.

இன்னொன்று. முட்டிக்கான இடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ‘நீரூம்’ என்று ஒலிபெயர்த்து எழுதும் வழக்கம் இணையத்தில் பரவி வருகிறது. தமிழ் எழுத்தில் பார்த்தால் அது ‘நீ’ என்ற முன்னிலைச் சொல்லாகவோ தண்ணீராகவோ படுகிறது. இந்த ஒன்றுக்காகவாவது முட்டிவெளி சீக்கிரம் புழக்கத்துக்கு வர வேண்டும்.

புதுச்சேரி நண்பர் ஒருவர், பிரெஞ்சில் ‘கால்களுக்கான இடம்’ என்றும் ஜெர்மனில் ‘கால் விடுதலை’ என்றும் சொல்வதாக எழுதியிருந்தார். ஜெர்மன்காரர்கள் சொல்வது அழகு. பயணியின் மனநிலையைச் சொல்லும் சொல் அது. எனக்கு வேண்டியது மில்லிமீட்டரில் நிரப்பும் கட்டத்துக்கான தலைப்பு.

மூன்றாவது குறையான தொங்கும் தொடைக்கு வருகிறேன். இதைப் பற்றி நம் இழையில் யாரும் எழுதவில்லை. என் கணக்கில் இதுதான் பெரியது.

போன ஞாயிறு மச்சானின் சிறிய காரையும் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய செடானையும் தெருவில் அடுத்தடுத்து நிறுத்தச் சொன்னேன். இரண்டிலும் முன்சீட்டை என் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, அப்படியே பின்னால் போய் உட்கார்ந்தேன். சிறிய காரில் முட்டிக்கு முன்னால் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. செடானில் இரண்டு விரல்தான். எண்ணை மட்டும் பார்த்தால் முதல் கார் ஜெயித்தது. அப்புறம் தொடைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். சிறிய காரில் என் உள்ளங்கை முழுதும் உள்ளே போனது. மணிக்கட்டு வரை போய்க்கூட துணி தொடையில் படவில்லை. செடானில் விரல் நுனியோடு நின்றுவிட்டது. அம்மாவையும் இரண்டிலும் உட்கார வைத்தேன். இரண்டு நிமிடத்தில் செடானைக் காட்டி, “இதுல உக்காந்தா வீட்டு நாற்காலி மாதிரி இருக்கு” என்றார்.

காரணம் எளிது. இருக்கை தரைக்கு மிக அருகில் இருந்தால் முட்டி மேலே தூக்கும், தொடை இருக்கையை விட்டு எழும்பும், உடம்பின் எடை முழுதும் உட்காரும் எலும்பு இரண்டின் மேல் இறங்கும். அரை மணியில் இடுப்பு பேச ஆரம்பிக்கும். இருக்கையின் நீளம் குட்டையாக இருந்தாலும் இதே கதிதான். குட்டையாக வைப்பதில் கார் விற்பவருக்கு ஒரு லாபம் உண்டு: கதவைத் திறந்தவுடன் முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவே தரை அகலமாகத் தெரியும், “எவ்வளவு இடம்!” என்று தோன்றும். மறுபக்கம், இருக்கை மிக நீளமாக இருந்தால் அதன் விளிம்பு முட்டியின் பின்பக்கத்தை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குள்ளமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது வேறு தொல்லை.

நம் நாட்டில் இது கூர்மையாகத் தெரிவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் வரி குறைவு என்ற ஏற்பாடு 2006-இல் வந்தது. அந்த நீளத்துக்குள் டிக்கியும் வேண்டும், ஐந்து பேரும் வேண்டும் என்றால் எங்கேயாவது சுருக்கத்தான் வேண்டும். மின்சாரக் கார்களில், குறிப்பாகப் பெட்ரோல் காரையே மாற்றிச் செய்தவற்றில், தரைக்கு அடியில் பேட்டரி வருவதால் தரை உயர்ந்து முட்டி இன்னும் மேலே தூக்குகிறது. 1958 முதல் 2014 வரை வந்த அம்பாசிடரின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், 2464 மில்லிமீட்டர். இன்றைய டிசையருடையது 2450. வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆனாலும் அம்பாசிடரின் பின்னால் உட்கார்ந்தவர்கள் இன்றும் அதைப் பற்றி ஆசையாகப் பேசுவதற்கு அந்த உயரமான இருக்கை ஒரு பெரிய காரணம்.

இருக்கை தொடையைத் தாங்குவதற்கு நான் முதலில் எழுதி வைத்த சொல் ‘தொடைத்தாங்கல்’. படிக்கும்போதே மனத்தாங்கல் நினைவுக்கு வந்தது. ஏரிக்கும் தாங்கல் என்று பெயர். மஞ்சக்குப்பத்தில் ஒரு குஷன் கடையில் கேட்டேன். அங்கே எல்லோரும் ‘தொடை சப்போர்ட்’ என்கிறார்கள். கடைக்காரர் பழைய சீட்டின் ரெக்சினைப் பிரித்து, உள்ளே ரப்பர் பூசிய தேங்காய் நார் நசுங்கிப் போயிருந்ததைக் காட்டினார். “முன் விளிம்புல ரெண்டு இஞ்ச் ஏத்தி வெச்சா தலையணை மாதிரி தொடை மேல உக்காந்துக்கும்” என்றார். தலையணை என்றாரே, அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. தலைக்குத் தலையணை, பஞ்சுக்குப் பஞ்சணை, தொடைக்கு தொடையணை. “இந்தக் காரில் தொடையணை போதாது”, “தொடையணையின் உயரம் கூட்டலாம்” என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், இடறவில்லை.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். அளவுப் பொம்மையின் உடலும் தொடையும் மடியும் இடத்துக்கு இடுப்புப் புள்ளி. முன், பின் இருக்கைகளின் இடுப்புப் புள்ளிகளுக்கு நடுவே உள்ளதற்கு இருக்கையிடைத் தூரம். தலைக்கு மேல் உள்ளதற்குத் தலைவெளி போதும். அதையும் நேர்செங்குத்தில் இல்லாமல் 8 பாகை சாய்த்துத்தான் அளக்கிறார்கள் என்பதை மட்டும் அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். பின்னிருக்கை நடுவில் காலைக் கொல்லும் அந்த மேட்டுக்கு மக்கள் சொல்வதையே எடுத்து நடுமேடு என்று போட்டிருக்கிறேன்.

இந்தச் சொற்களோடு என் கட்டுரை இப்போது இப்படிப் போகிறது: “முதல் காரில் கால்நீட்டம் அதிகம், முட்டிவெளி நடுத்தரம், தொடையணை குறைவு. மூன்றாவது காரில் முட்டிவெளி இரண்டு விரல்தான், ஆனால் தொடையணை நிறைவாக இருப்பதால் நீண்ட பயணத்துக்கு அதுவே மேல்.” இதைப் படித்தால் எந்தக் காரில் யாரை உட்கார வைக்கலாம் என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எந்தச் சொல் தடுக்கிறது என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. முதுகு சாயும் பலகைக்குச் சாய்மானம் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைச் சாய்வு என்றால் போதுமா, சாய்மானக் கோணம் என்று விரிக்க வேண்டுமா? சாய்மானத்தை நிமிர்த்தி முட்டிவெளியைக் கூட்டிவிடும் கார்கள் இருப்பதால், இந்தச் சொல் இல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். ஞாயிறு இரவுக்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து