இத்தாலியன் "பியாச்சேரே": வினை ஏன் மாறிக்கிட்டே இருக்கு? உதவி பண்ணுங்க

தோரினோ_தம்பி:
வணக்கம் மக்களே, இத்தாலியன் ஏ2 (ஆரம்ப நிலை) பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன், "பிடிக்கும்"னு சொல்ற பியாச்சேரே வினை மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. காபி பிடிக்கும்னா "மி பியாச்சே இல் கஃப்பே", பூனைங்க பிடிக்கும்னா "மி பியாச்சொனோ இ காத்தி". ரெண்டுலயும் எனக்குத்தான பிடிக்குது, ஆள் மாறலையே, அப்புறம் வினை மட்டும் ஏன் மாறுது? பாஸ்ட் டென்ஸ் இன்னும் மோசம், "ஓ பியாச்சூத்தோ"ன்னு வரவே கூடாதாம். புரியற மாதிரி யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

மிலானோ_வாசி:
இங்கிலீஷ் வழியா போகாதீங்க ப்ரோ, அங்கதான் சிக்குது. தமிழ்ல "நான் பிடிக்கும்"னு யாராவது சொல்றோமா, "எனக்குப் பிடிக்கும்"தான? அந்த "எனக்கு"தான் மி. ஆனா ஒரு இடத்துல தமிழும் கை கொடுக்காது, நாம "பூனையைப் பிடிக்கும்"னு ஐ போடுவோம், இத்தாலியன்ல பூனைதான் எழுவாய், அதனால வினை பூனை பின்னாடிதான் போகும், ஒண்ணுன்னா பியாச்சே, நிறையன்னா பியாச்சொனோ. பின்னாடி இன்னொரு வினை வந்தா மட்டும் எத்தனை வந்தாலும் ஒருமைதான், "மி பியாச்சே லெஜ்ஜெரே ஏ வியஜ்ஜாரே", படிக்கவும் ஊர் சுத்தவும் பிடிக்கும்.

பலெர்மோ_அக்கா:
தம்பி, இறந்தகாலத்துக்குத் துணைவினையா அவேரே (இங்கிலீஷ் have மாதிரி, உங்கட "ஓ" இதில இருந்துதான் வருது) வராது, எஸ்ஸெரேதான் (be மாதிரி, "ஏ", "சோனோ" எண்டு வரும்). கடைசி எழுத்தும் பிடிச்ச சாமானைப் பார்த்து மாறும். "மி ஏ பியாச்சூத்தோ இல் ஃபில்ம்", "மி ஏ பியாச்சூத்தா லா பீட்சா". இஞ்ச பலெர்மோவில அரன்சீனாவை (பொரிச்ச சோத்து உருண்டை) பெண்பாலாத்தான் சொல்லுவினம், அதால "மி சோனோ பியாச்சூத்தே லே அரன்சீனே". கத்தானியாவுக்குப் போனீங்களெண்டா அதே சாப்பாடு ஆண்பால், அங்க பியாச்சூத்தி எண்டு முடியும்.

தோரினோ_தம்பி:
அக்கா சூப்பர், இப்ப தெளிவாயிடுச்சு! அப்போ "தி பியாச்சோ?"ன்னா "உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"வா?

மிலானோ_வாசி:
அதேதான். ஆனா "மி பியாச்சி" (எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு)ன்னு யார்கிட்டயும் சும்மா சொல்லிடாதீங்க, பெரும்பாலும் காதலாத்தான் எடுத்துப்பாங்க. அம்மாவுக்கு, ஃப்ரெண்டுக்கெல்லாம் "தி வோல்யோ பேனே" (உன் மேல பாசம்)தான் சரி. மரியாதையா கேக்கணும்னா "தி" (உனக்கு) வேணாம், "லே பியாச்சே?" (உங்களுக்குப் பிடிக்குமா?)ன்னு கேளுங்க. ஸ்பீக்கிங் டெஸ்ட்ல எக்ஸாமினர்கிட்ட பேசும்போது இதை மறந்துடாதீங்க.

பலெர்மோ_அக்கா:
இன்னொண்டு, "அ மே மி பியாச்சே" எண்டு றோட்டில நிறையப் பேர் கதைப்பினம், "அ மே"யும் "மி"யும் ரெண்டுமே "எனக்கு"தான், கதைக்கேக்க பரவாயில்லை, சோதனையில "அ மே" அல்லது "மி", ரெண்டில ஒண்டை மட்டும் எழுதுங்கோ.