பிள்ளை பெற்ற வீட்டுக்கு வாரம் மூணு நாள் சாப்பாடு: எது தாங்கும், எவ்வளவு போடணும்?

அடுக்குத்தூக்கு

தம்பி வீட்டில் இரண்டாவது பிள்ளை. சிசேரியன், இன்றைக்கு ஒன்பதாம் நாள். சாப்பிடுறது நாலு பேர்: தாய், தம்பி, அவளோட அம்மா (சர்க்கரை உண்டு), நாலு வயசுப் பெரியவன். திங்கள், புதன், வெள்ளி மதியச் சாப்பாடு என் பொறுப்பு. வேளச்சேரியிலிருந்து பல்லாவரம், வண்டியில் 40 நிமிஷம். 12 மணிக்குக் கொண்டுபோய் வெச்சாலும், பிள்ளை தூங்கி அவள் சாப்பிட உட்கார சில நாள் 3 மணி ஆகுது.

தெரிய வேண்டியது:

1. மிளகாய் போடாத பூண்டுக் குழம்புக்குச் சரியான அளவு. போன தடவை கசந்துடுச்சு. புளியில் முக்கால் மணி நேரம் கொதிச்சும் பூண்டு உள்ளே வேகவே இல்லை.
2. பத்தியக் குழம்பு மத்த மூணு பேருக்கும் இறங்கலை. ரெண்டு சமையல் செய்யாம இதுக்கு வழி உண்டா?
3. பால் சுறா புட்டு கேட்கிறாங்க. செய்யலாமா?
4. ராத்திரி 2 மணிப் பசிக்கு என்ன வெச்சுட்டு வரலாம்?

சுக்குக்களி

முதல்ல சாதத்தைப் பேசிடுவோம், நீங்க கேட்காததுதான் இதில் பெரிய விஷயம். சாதத்தை வடிச்சுக் கொண்டு போகாதீங்க. 11 மணிக்கு வடிச்ச சாதம் தூக்கில் வெதுவெதுன்னு 3 மணி வரைக்கும் இருந்தா, அதில் பாசிலஸ் வகைக் கிருமி பெருகி நஞ்சை விட்டுடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அரிசியை அளந்து கொடுத்துடுங்க, அங்கே குக்கரில் மூணு விசில் விட யாராவது இருப்பாங்க. முடியவே முடியாதுன்னா ஹாட்பேக்கில் கொதிநீர் ஊத்தி 10 நிமிஷம் வெச்சுக் கொட்டிட்டு, ஆவி பறக்கிற சாதத்தை விளிம்பு வரை நிரப்பி மூடுங்க. திறக்கும்போது கை சுடணும். வெதுவெதுப்பா இருந்தா அதைக் கணக்கிலே சேர்க்காதீங்க.

இப்ப குழம்பு. நாலு பேருக்கு ரெண்டு வேளைக்கு இந்த அளவு:

உரிச்ச பூண்டு 200 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், புளி 40 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கல் உப்பு 2 தேக்கரண்டி, கருப்பட்டி கொட்டைப்பாக்கு அளவு.

வறுத்து அரைக்க: மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 2 தேக்கரண்டி, மல்லி 2 மேசைக்கரண்டி, துவரம்பருப்பு 1 மேசைக்கரண்டி, சுக்கு விரல்நுனி அளவு (தட்டிப் போடுங்க), கறிவேப்பிலை ரெண்டு கைப்பிடி. பருப்பு முதல்ல, மல்லியும் மிளகும் அடுத்து, சீரகமும் கறிவேப்பிலையும் அடுப்பை அணைச்ச பிறகு அந்தச் சூட்டிலேயே.

பூண்டு வேகாததுக்குக் காரணம் புளி. புளிப்புத் தண்ணியில் போட்ட பூண்டு எவ்வளவு கொதிச்சாலும் சீக்கிரம் மெத்துன்னு ஆகாது. அதனால புளி சேர்க்கிறதுக்கு முன்னாடியே அது முழுசா வெந்திருக்கணும். 75 மில்லி எண்ணெயைச் சட்டியில் ஊத்தி, எண்ணெய் காயறதுக்கு முன்னாலேயே பூண்டைப் போட்டு, சிறு தீயில் 12 நிமிஷம். மேல் தோல் லேசா சுருங்கி, கரண்டிக் காம்பால அழுத்தினா நசுங்கணும். நிறம் சந்தன நிறத்தோட நிக்கணும். காய்ஞ்ச எண்ணெயில் போட்டா வெளியே சிவந்துடும், உள்ளே பச்சையா இருக்கும், சிவந்த அந்தத் தோல்தான் கசப்பு. மிளகு கருகினாலும் கசக்கும், ஆனா உங்க கேஸ் பூண்டுதான்னு நினைக்கிறேன்.

வெந்த பூண்டில் மூணில் ஒரு பங்கை எடுத்து மசாலாவோட சேர்த்து விழுதா அரைச்சுடுங்க, குழம்புக்குக் கெட்டித்தன்மை அதிலேயே வந்துடும். மீதிப் பூண்டோட வெங்காயம் 5 நிமிஷம் வதங்கட்டும். அரை லிட்டர் புளித்தண்ணி, மஞ்சள், உப்பு. 10 நிமிஷத்தில் பச்சை வாசனை போனதும் விழுது. பிறகு சிறு தீயில் 15 நிமிஷம், எண்ணெய் ஓரமா மிதக்கிற வரை. கருப்பட்டி போட்டு இறக்கி, மீதி 25 மில்லி எண்ணெயைப் பச்சையா விடுங்க.

ரெண்டு சமையல் வேண்டாம். இந்தக் குழம்பில் பாதியை எடுத்து வெச்சுடுங்க, அது தாய்க்கு. இன்னொரு சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி வெந்தயம், பொன்னிறம் வந்ததும் தீயை அணைச்சு ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், உடனே மீதிக் குழம்பை ஊத்தி 5 நிமிஷம் கொதி. அது மத்தவங்களுக்கு. மூடியில் நூல் கட்டி அடையாளம் வையுங்க, மாறிப் போனா பேச்சு வாங்குறது நீங்கதான். பெரியவனுக்கு எதுவும் இறங்கலைன்னா பத்தியக் குழம்பில் ஒரு கரண்டி, நெய் ரெண்டு கரண்டி, அப்பளம்.

தட்டுக்கணக்கு

குழம்பு நல்ல குழம்பு. ஆனா அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை, அதை மட்டும் மூணு வாரம் ஊத்திச் சாப்பிட்டா தாய் சோர்ந்துதான் போவாங்க. பால் கொடுக்கிற முதல் ஆறு மாசத்துக்குத் தினமும் சுமார் 600 கலோரியும் 17 கிராம் அளவுக்குப் புரதமும் கூடுதலா வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ரெண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20, 50 கிராம் பாசிப்பருப்பில் 12 கிராம் கிடைக்கும். ஒவ்வொரு தூக்கோடவும் இதில் ஒண்ணு போகட்டும்.

பால் சுறா: வேண்டாம்னு சொல்வேன். சுறா மத்த மீனைத் தின்னு வளர்றது, பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துக்கிட்டே போகும். பால் கொடுக்கிற தாய் தவிர்க்க வேண்டிய மீன்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்டிருக்கிற பட்டியலில் சுறா இருக்கு. பால் சுறா சின்ன ஜாதி, பெரிய சுறா அளவுக்கு இருக்காதுங்கிறது உண்மைதான். ஆனா தட்டில் இருக்கிறது பால் சுறாவா, பெரிய சுறாவோட குட்டியா என்று சந்தையில் துண்டு போட்ட பிறகு யாரும் சொல்ல முடியாது. பெயரில் பால் இருக்கிறதால பால் ஊறாது. பிள்ளை அடிக்கடி வாய் வெச்சு உறிஞ்சி, மார்பு காலியாகிறதுதான் பாலை ஊற வைக்குது. சாப்பாடும் தண்ணியும் தாயைத் தாங்குறதுக்கு.

பூண்டைப் பத்தி ஒரு சுவாரசியம்: 1991-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பூண்டு மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பாலில் சுமார் ரெண்டு மணி நேரத்தில் வாசம் கூடியது, பிள்ளைகள் அதிக நேரம் மார்பில் இருந்தன. பால் அதிகம் ஊறினதா அதில் அர்த்தமில்லை. வாசம் பிள்ளைக்குப் பிடிக்கலைன்னு பயப்படத் தேவையில்லைங்கிற அளவில் எடுத்துக்கலாம்.

மூலைக்கல்

எல்லாம் சரி, தண்ணி அளவாத்தான் கொடுக்கணும். நிறையக் குடிச்சா வயிறு சரியாம அப்படியே நிக்கும். முருங்கைக்கீரையும் ஒரு மாசத்துக்கு ஆகாது.

தட்டுக்கணக்கு

இது ரெண்டும் வழக்கத்தில் இருக்கு, ஆனா பின்பற்றக் கூடாத வழக்கம். வயிறு பெருத்துத் தெரியறது கருப்பை சுருங்க ஆறு வாரம் எடுக்கிறதாலும், வயிற்றுத் தசை தளர்ந்திருக்கிறதாலும்தான், தண்ணியால இல்லை. சிசேரியன் தையலோட மலச்சிக்கல் வந்தா அது தனி வேதனை. ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஒரு தம்ளர் தண்ணி கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கணும்.

கீரை தாராளமா செய்யலாம். ஆய்ஞ்சது நாலு கைப்பிடி, முக்கால் பதம் வெந்த பாசிப்பருப்பு கால் கப், மூடி போடாம 5 நிமிஷம். மூடினா கறுத்துக் கசக்கும், ஓயாம கிளறினா கட்டி கட்டியா உருளும். பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பாங்க. அதைப் பாலோடவோ காப்பியோடவோ சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடவோ சேர்த்துப் போடக் கூடாது, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்க.

வேர்க்கொம்பு

யாழ்ப்பாணத்துப் பக்கம் பிள்ளை பெத்த வீட்டுக்குச் சரக்குக் கறிதான். மிளகாய் ஒரு துளியும் இல்லை. தாய்க்கு மீன் கொடுக்க இது நல்ல வழி.

சரக்குத்தூள்: மல்லி 4 மேசைக்கரண்டி, மிளகு 1, நற்சீரகம் 1, வேர்க்கொம்பு (உங்கட சுக்கு) இரண்டு சின்னத் துண்டு, காய்ந்த மஞ்சள் ஒரு துண்டு. வறுக்கிறதெண்டு இல்லை, கை தாங்கிற சூட்டில பிரட்டி எடுத்து இடிக்கவேணும். சிவக்க வறுத்தால் அது இறைச்சிக் கறித்தூள் வாசமாய்ப் போகும்.

அரைக் கிலோ மீனுக்கு இரண்டரை மேசைக்கரண்டி தூள். ஓரா, விளைமீன் நல்லம். பழப்புளி நெல்லிக்காயளவு, சின்ன வெங்காயம் பத்து, உப்பு, இரண்டு கப் தண்ணீர், எல்லாத்தையும் கரைச்சு முதல் 8 நிமிஷம் கொதிக்க விடுங்கோ. பிறகு மீன், இன்னும் 7 நிமிஷம். அகப்பை போடக்கூடாது, சட்டியைப் பிடிச்சுச் சுழட்டுங்கோ. உள்ளி (உங்கட பூண்டு) பத்துப் பல்லை நசிச்சு இறக்கேக்க கடைசி இரண்டு நிமிஷத்தில போட்டால்தான் வாசம் நிக்கும். வீட்டில செய்யேக்க தேங்காய்ப்பால் விடுவம், நீங்கள் 40 நிமிஷம் வெயிலில கொண்டுபோறபடியால் விடாதேங்கோ, புளிச்சுப் போகும்.

சுக்குக்களி

வேர்க்கொம்பு சொன்ன கறியைப் புதன்கிழமைக்கு வையுங்க. சுறாவுக்குப் பதிலா சங்கரா மீனில் அதே புட்டு செய்யலாம், பாட்டிக்கும் ஏமாற்றம் இருக்காது. 750 கிராம் மீனை மஞ்சள் தடவி 8 நிமிஷம் ஆவியில் வேக வைங்க. தோலையும் முள்ளையும் எடுத்து உதிர்க்கும்போது ரெண்டு தடவை விரலால தடவிப் பாருங்க, நாலு வயசுப் பையன் சாப்பிடுறான். சுறா மாதிரி இது தானா பூவா உதிராது, ஈரம் அதிகம், துணியில் வெச்சு லேசாப் பிழியணும். இந்த ஒரு வேலையை விட்டா புட்டு களி ஆயிடும். 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம் 150 கிராம், பொடியா நறுக்கின பூண்டு 15 பல், இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை. வதங்கினதும் மீன், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், உப்பு, 7 நிமிஷம் கிளறுங்க. கரண்டியில் ஒட்டாம உதிர்ந்தா இறக்கலாம். மீன் வகை எதுவானாலும் போய்ச் சேர்ந்ததும் நேரா ஃப்ரிட்ஜ், சாப்பிடும்போது சூடு.

ராத்திரிக்கு ஒரு கையால சாப்பிடுற பொருளா இருக்கணும், இன்னொரு கையில் பிள்ளை. பொடி இட்லி சரி. இட்லி ஆறினதும் முதல்ல எண்ணெய், பிறகு பொடி. மாத்திச் செஞ்சா பொடி திட்டுத் திட்டா நிக்கும், இட்லி காய்ஞ்சுடும். மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டு அரைச்ச பொடி. கூடவே கருப்பட்டி எள்ளுருண்டை பத்து. பாட்டிக்கு அது கிடையாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, டப்பா அவங்க கையில்தான் இருக்கும்.

பூண்டுப்பாலும் ராத்திரிக்கு ஆகும். 10 பல்லை அரை தம்ளர் தண்ணியில் நசுங்குற அளவு வேக வெச்சு, ஒரு தம்ளர் பால் ஊத்திக் கொதி. கருப்பட்டியைக் கொதிக்கிற பாலில் போட்டீங்கன்னா திரிஞ்சுடும். அடுப்பை அணைச்சு, கொஞ்சம் ஆறவிட்டு, கரைச்சு வடிகட்டின பாகா ஊத்துங்க.

ஈயச்சொம்பு

சமையல் எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் பாத்திரம் பத்தி மட்டும். நல்ல தூக்கில் கொண்டு போனா, அதைக் கழுவி, வெறுமையாத் திருப்பக் கூடாதுன்னு உள்ளே ஏதாவது போட்டுத் தரணும்னு அந்தப் பாட்டி அலைவாங்க. குழம்புக்குப் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில், திருப்ப வேண்டாம்னு சொல்லிடுங்க. கொதிக்கிறதை நேரா ஊத்தினா விரிசல் விடும், கொஞ்சம் ஆறினதும் ஊத்துங்க. புளிக் குழம்பை அலுமினியத்திலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் மட்டும் வேண்டாம்.

அடுக்குத்தூக்கு

எல்லாருக்கும் நன்றி. திங்கள்: பூண்டுக் குழம்பு ரெண்டு பாட்டில், சங்கரா புட்டு, பொடி இட்லி. அரிசி அளந்து பையில். குழம்பை ஞாயிறு ராத்திரியே வெச்சுடலாமா? காலையில் பூண்டு உரிக்கவே நேரம் போயிடுது.

சுக்குக்களி

தாராளமா, மறுநாள்தான் ருசியே. வாய் அகலமான பாத்திரத்துக்கு மாத்தி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். காலையில் தளதளன்னு கொதிக்க விட்டு, கொஞ்சம் ஆறினதும் பாட்டிலில் ஊத்துங்க, மிளகாய்த்தூள் தாளிப்பையும் அப்பவே செஞ்சுக்கலாம்.

பூண்டுக்கு: பல் பல்லா உதிர்த்து 20 நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணியில் போடுங்க, தோல் வழுக்கிக்கிட்டு வரும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைச்சா வாங்குங்க, காரம் தூக்கலா இருக்கும், 150 கிராமே போதும். உரிச்சதை ஈரம் துடைச்சு டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்க. வேலை மிச்சம்னு எண்ணெயில் ஊறப்போட்டு மட்டும் வெளியே வெச்சுடாதீங்க, காத்துப் புகாத எண்ணெய்க்குள்ள பச்சைப் பூண்டில் பொட்டுலிசம் கிருமி வளரும், வாசனையிலோ நிறத்திலோ தெரியாது.