மலாக்கா ரோந்து: 'கூட்டு' என்று எழுதலாமா?

சிங்கப்பூரிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். மலாக்கா நீரிணைக் கடற்கொள்ளை பற்றிய பாடக்குறிப்பைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2004 ஜூலையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் தொடங்கிய கடற்காவலுக்குக் 'கூட்டு ரோந்து' என்று எழுதினேன். சரிபார்த்தவர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அவர் சொல்வதும் சரிதான். அவரவர் கப்பல் அவரவர் கடலில்தான் சுற்றும். கொள்ளையனைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. பக்கத்து நாட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். நேரமும் தகவலும் மட்டுமே பொது. சொல் தாருங்கள்.

ஈப்போவிலிருந்து:
'ஒருங்கிணைந்த ரோந்து' போதாதா, தம்பி?

கோவையிலிருந்து:
போதாது ஐயா. 'இணைந்த' தன்வினை, மூன்று படையும் ஒன்றாகிவிட்டதென்று பொருள்படும். 'ஒருங்கிணைத்த' என்றால் இணைத்தவர் யார் என்பார்கள். போகட்டும், ரோந்து தமிழா? ஆங்கில 'ரவுண்டு' உருது வழியாக வந்து குடியேறியது. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவு மழையிலும் தெருவில் சோராமல் திரியும் ஊர்காப்பாளரைப் பாருங்கள். 'இணைச் சுற்றுக்காவல்' என்பேன். இணைகோடுகள் கூடவே போகும், தொடா.

சென்னையிலிருந்து:
கோட்டையில் இணைச் செயலாளர் என்றால் ஜாயிண்ட் செகரட்டரி. சுற்றி வந்து கூட்டிலேயே நிற்கிறோம்! நீரிணையிலும் ஓர் இணை: கடலுக்குச் சேர்ப்பு, கரைக்குப் பிரிப்பு. 'ஒத்திசைவு ரோந்து' எனலாமே. ரோந்தில் கை வைக்காதீர்கள், மீனவருக்கும் தெரிந்த சொல்.

ஈப்போவிலிருந்து:
'கூட்டு' முழுக்கத் தப்பில்லை. 2005 செப்டம்பரில் தொடங்கிய 'வானில் கண்கள்' வான்ரோந்தில் ஒரு நாட்டு விமானத்தில் மற்ற நாட்டு அதிகாரிகளும் ஏறினார்கள். கரையிலிருந்து 3 கடல்மைல் தள்ளி, அண்டை நாட்டுக் கடல்மேலும் பறக்கலாம். ஆக, மேலே கூட்டு. கீழே வேறு ஏதோ.

கோவையிலிருந்து:
ஒரே திட்டத்துக்கு இரண்டு பெயரா? மாணவன் தேர்வில் எதை எழுதுவான்?

சிங்கப்பூரிலிருந்து:
வியாழன் இரவு பதினொன்றாகிவிட்டது. கப்பலுக்கு 'ஒத்திசைவு ரோந்து', விமானத்துக்குக் 'கூட்டு ரோந்து' என்று போட்டு, முதல் இடத்தில் 'அவரவர் கடற்பகுதியில்' என்றும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நால்வர் ஆதரவு, கோவை ஐயா எதிர்ப்பு.

கோவையிலிருந்து:
ஒத்திசைவு என்றால் கப்பல்கள் கச்சேரிக்குப் போவதுபோல் இருக்கிறது. என் வாக்கு சுற்றுக்காவலுக்கே.

ஈப்போவிலிருந்து:
தம்பி, தாய்லாந்தை விட்டுவிட்டீரா? அது 2008இல் சேர்ந்தது. அச்சகத்துக்குப் போன் போடும்.