திருவிழாக் கிளிப் பத்தையும் ஃபேட் போட்டு ஒட்டுற ஸ்கிரிப்ட், 2ம் நாள் காணாமல் போகுது

இணுவில் பெடியன்:
வணக்கம். எங்கடை ஊர்க் கோயில் 10 நாள் திருவிழா முடிஞ்சுது, ஒவ்வொரு நாளும் சாமி வெளிவீதி வரேக்கை போனிலை எடுத்த கிளிப் பத்து இருக்கு, எல்லாத்தையும் ஒண்டாக்கி கனடாவிலை இருக்கிற மாமாவுக்கு அனுப்பவேணும், அவர் கனகாலமா ஊர்ப்பக்கம் வரேல்ல. எடிட்டிங் சொஃப்ட்வெயார் போட்டா என்ரை லப்டொப் இறுகிப்போய் நிக்குது, அதாலை பாஷ் (லினக்ஸ் கமாண்ட்) ஸ்கிரிப்ட் ஒண்டு எழுதி, எஃப்எஃப்எம்பெக் எண்ட கமாண்டாலை வீடியோ ஒட்டுற புரோகிராமிலை, ஒரு கிளிப் மங்க மற்றது தெளியிற எக்ஸ்ஃபேட் ஃபில்டர் போட்டனான். ஃபேட் 1 செக்கன். முதல் மூண்டு கிளிப்பும் 40.2, 35.6, 52.4 செக்கன். ஃபேட் தொடங்கிற நேரத்தைக் குடுக்கிற ஒஃப்செட்டுக்கு அந்தந்தக் கிளிப்பின்ரை நீளத்திலை 1ஐக் கழிச்சு 39.2, 34.6 எண்டு குடுத்தன். ஓடினா 1ம் நாளிலை இருந்து நேரா 3ம் நாளுக்குப் பாயுது, கடைசியிலை படம் உறைஞ்சு நிக்க தவில் சத்தம் மட்டும் நிமிசக் கணக்கா போகுது. எங்கை பிழை எண்டு விளங்கேல்ல.

கரவெட்டி அண்ணை:
தம்பி, ஒஃப்செட் எண்டது அந்தக் கிளிப்பின்ரை நேரம் இல்லை, அதுவரைக்கும் ஒட்டி முடிஞ்ச வீடியோ எத்தினையாவது செக்கனிலை இருக்கேக்கை ஃபேட் தொடங்கவேணும் எண்டது. நீங்கள் 34.6 குடுத்தா 39.2 வர முன்னமே 3ம் நாள் உள்ளுக்கு வந்திடும், பிறகு 2ம் நாள் எங்கை தெரியிறது. கூட்டிக்கொண்டு போகவேணும். முதல் ஒஃப்செட் 39.2 சரி. அடுத்தது 40.2ஐயும் 35.6ஐயும் கூட்டி இரண்டு ஃபேட்டுக்கு 2 கழிச்சு 73.8, அதுக்கடுத்தது 52.4ஐயும் சேத்து 3 கழிச்சு 125.2. லூப்பிலை ஒரு வேரியபிளை வைச்சு ஒவ்வொரு முறையும் கிளிப் நீளத்தைக் கூட்டி ஃபேட்டைக் கழிச்சுக்கொண்டு போனா காணும். நீளத்தை எஃப்எஃப்எம்பெக்கோடை வாற எஃப்எஃப்புரோப் கமாண்டிட்டைக் கேளுங்கோ, கையாலை அடிக்கவேண்டாம். பாஷுக்கு தசமக் கணக்கு வராது, கூட்டல் கழித்தலை அவ்க் எண்ட கமாண்டிலை போடுங்கோ.

ஓடியோவுக்கு, சத்தத்தை அதே மாதிரிக் கலக்கிற ஏக்ராஸ்ஃபேட் தானே போட்டனீங்கள்? அதுக்கு ஒஃப்செட் தேவையில்லை, ஆனா அதிலையும் அதே 1 செக்கன் இருக்கவேணும். அரைச் செக்கன் போட்டா ஒவ்வொரு ஒட்டிலையும் அரைச் செக்கன் விலகி, 10ம் கிளிப்பிலை தவிலடிக்கிற கைக்கும் சத்தத்துக்கும் 4.5 செக்கன் வித்தியாசம் வந்திடும்.

இணுவில் பெடியன்:
அண்ணை 2ம் நாள் வந்திட்டுது, நன்றி! ஆனா தேரண்டு நான் வடம் பிடிச்சதாலை அந்தக் கிளிப் தங்கச்சியின்ரை போனிலை எடுத்தது, அதிலை வந்து டைம்பேஸ் (வீடியோ நேரத்தை எண்ணுற அலகு) பொருந்தேல்ல எண்டு எரர் அடிச்சு நிக்குது.

சுன்னாகம் லினக்ஸ்:
போன்காரர் ஃப்ரேம் ரேட்டை, அதாவது செக்கனுக்கு எத்தினை படம் எண்டதைச் சீரா வைக்கிறேல்ல, வெளிச்சம் குறைஞ்சா அதுவும் குறையும். எக்ஸ்ஃபேட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சைஸ், ஒரே ஃப்ரேம் ரேட், ஒரே டைம்பேஸ் வேணும். முதல்லை ஒரு லூப்பிலை பத்தையும் 1920க்கு 1080, 30 ஃப்ரேம், ஓடியோ 48000 ஹேர்ட்ஸ் எண்டு மாத்தி வேறை ஃபோல்டரிலை போட்டிட்டு பிறகு அதுகளை ஒட்டுங்கோ. நிமிர்த்திப் பிடிச்சு எடுத்த கிளிப் எண்டா இழுக்காமல் இரண்டு கரையிலையும் கறுப்பு விடுங்கோ, இழுத்தா தேர் சப்பையாப் போடும். ஃபைல் பேரை 01, 02 எண்டு வையுங்கோ, இல்லாட்டி 1க்குப் பிறகு 10 வந்து நிக்கும். ஃபைல் பேர்களை ஒவ்வொண்டா வாசிக்கிற வைல் ரீட் லூப் எண்டா எஃப்எஃப்எம்பெக் கமாண்டிலை நோஸ்டிடின் (உள்ளீட்டை வாசிக்காதை எண்ட ஒப்ஷன்) கட்டாயம், விட்டா அது மிச்சப் பேர்களைத் தானே வாசிச்சு முழுங்கிப்போடும், நான் இரண்டு நாள் இதோடை மாரடிச்சனான்.

இன்னொண்டு, உபுண்டு 20.04 வைச்சிருக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, அதோடை வாறது எஃப்எஃப்எம்பெக் 4.2, எக்ஸ்ஃபேட் வந்தது 2020இலை 4.3இலை. அப்பிடி ஒரு ஃபில்டரே இல்லை எண்டுதான் சொல்லும்.

மானிப்பாய்:
எனக்கெண்டா ஒரு நாளிலை இருந்து மற்ற நாளுக்குக் குறொஸ்ஃபேட் பிடிக்கேல்ல. இரண்டு தவில் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்து அந்த ஒரு செக்கன் தாளம் குழம்பிப்போடும். ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியா கறுப்புக்கு ஃபேட் பண்ணி, சத்தத்தையும் இறக்கி, பிறகு கிளிப்புகளை அடுத்தடுத்து ஒட்டுற கொன்காட்டிலை சும்மா வரிசையா வைச்சா ஒஃப்செட் கணக்கே தேவையில்லை.

இணுவில் பெடியன்:
இரண்டையும் செய்து பாத்தன். தவில் விசயத்திலை மானிப்பாய் சொன்னது சரி, அதாலை மற்ற நாளுகளுக்கு இடையிலை கறுப்பு. தேரிலை இருந்து தீர்த்தத்துக்கு மட்டும் எக்ஸ்ஃபேட்டை விட்டிட்டன், ஏனெண்டா தேர்க் கிளிப் முடியேக்கை வடம் மண்ணிலை விழுகிற இடத்திலை சத்தம் அடங்கி இருக்கு, அதுக்குள்ளாலை தீர்த்தக் கேணித் தண்ணி மெல்ல வாறது நல்லா வந்திருக்கு. இப்ப அப்லோட் ஓடிக்கொண்டிருக்கு.