சிவப்பு அரக்குப் பெட்டியில் ஐந்து வௌவால்: மங்கலமா? செதுக்கியதா?

கேள்வி:
வட்டமான சீன அரக்குப் பெட்டி, விட்டம் 14 செ.மீ. மூடியின் நடுவில் ஓர் எழுத்து, சுற்றி ஐந்து வௌவால். பக்கவாட்டில் பீச் பழம், இரண்டு காசு. நம் பக்கம் வௌவால் வீட்டுக்குள் வந்தாலே ஆகாது என்பார்கள். இதை மங்கலம் என்பது ஏன்? கையால் செதுக்கியதா, அச்சில் வார்த்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
உருவத்தை விடுங்கள், பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். சீனத்தில் வௌவாலும் 'ஃபு', நற்பேறும் 'ஃபு'. எழுத்து வேறு, ஓசை ஒன்று; நம் சிலேடை மாதிரிதான். நடு எழுத்து 'ஷோ', அதாவது நீண்ட ஆயுள். ஐந்து வௌவால் ஐந்து பேறுகள்: ஆயுள், செல்வம், உடல்நலத்தோடு மன அமைதி, அறத்தில் பற்று, கடைசியில் நல்ல சாவு. சிவப்பு வௌவாலுக்கு இன்னொரு சிலேடையும் உண்டு: 'ஹொங் ஃபு' என்றால் 'பெரும் பேறு' என்றும் கேட்கும். காசுக்குப் பழைய சொல் 'ச்சுவான்', முழுமைக்கும் அதே ஓசை. வௌவால், பீச், இரண்டு காசு சேர்ந்தால் 'பேறும் ஆயுளும் இரண்டும் நிறைக'. பெரியவர்கள் பிறந்தநாளுக்குப் பொருத்தமான வாழ்த்து.

பதில் 2:
நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது மரப்பால், சிவப்புக்குச் சாதிலிங்கம் (பாதரசம் கலந்த சிவப்புத் தாது). வெயிலில் காயாது. ஈரக்காற்றில், சுமார் 25 டிகிரியில், 75–80% ஈரப்பதத்தில்தான் இறுகும். தடிமனாகப் பூசினால் மேலே ஆடை கட்டிச் சுருங்கிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அதனால் மெல்லிய பூச்சாகப் பல பத்து தடவை, நல்ல வேலையில் நூறுக்கும் மேல். முழுதும் இறுகுமுன் செதுக்குவார்கள்.

10 மடங்கு லென்ஸில் இறக்கையின் வெட்டுப் பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். மயிரிழை போல அடுக்குக் கோடுகள் தெரிந்தால், விளிம்பு கூராக இருந்தால், செதுக்கியது. மழுங்கிய விளிம்பு, ஊசித் துளைக் குமிழி, ஓரத்தில் அச்சுத் தையல் இருந்தால் வார்த்த பிசின். ஐந்து வௌவாலிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் என்றால் வேறு சோதனையே வேண்டாம். பிசினா என்று பார்க்கச் சூடான ஊசி வைக்காதீர்கள்: வடு போகாது, சாதிலிங்கத்தைச் சூடாக்கினால் பாதரச ஆவி வரும்.

பதில் 3:
அடியில் மிங் பேரரசர் யுங்லெயின் (1403–1424) ஆட்சிக் குறி இருந்தால் சந்தேகப்படுங்கள். அக்காலக் குறி இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊசியால் கீறியது. நடுவில் தங்கம் நிரப்பி இருக்காது. எழுத்தைச் சூழ்ந்த ஐந்து வௌவாலும் பின்னால் வந்த சிங் அரசமரபின் காலத்தில்தான் பரவலாகிறது.

எதுவானாலும் ஏசி காற்று நேரே படாத இடத்தில், 50–60% ஈரப்பதத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் மரம் சுருங்கினால் அரக்கு கூடவே சுருங்காது, வெடித்துத் தூக்கிக்கொள்ளும். எண்ணெய், ஈரத்துணி வேண்டாம். மென்மையான தூரிகை போதும்.